அழகாக ஆடிய குழு கடைசிக்குப் போனது எப்படி? ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங் மதிப்பெண் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரையோர_அப்பா

என் மகளுக்கு 13 வயது. இசைக்கு ஏற்ப நீரில் ஆடும் ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங்கில் எட்டுப் பேர் கொண்ட குழுவில் இருக்கிறாள். போன வாரம் அவர்களுக்குப் போட்டி. கேலரியில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். எட்டுப் பேரும் சேர்ந்தே மேலே வந்தார்கள், சேர்ந்தே கீழே போனார்கள். தூக்கிப் போடும் லிஃப்ட் ஒன்றுகூடச் சரியவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு குழுவின் பெற்றோரே "உங்கள் பிள்ளைகளுக்கு மெடல் உறுதி" என்றார்கள்.

மதிப்பெண் வந்தபோது கடைசியிலிருந்து இரண்டாவது இடம்.

அவர்களுக்கு முன்னால் நீந்திய ஒரு குழுவில் ஒரு பெண் வரிசையை விட்டு விலகியே போய்விட்டாள். மற்றவர்கள் கால் தூக்கிய பிறகு இவள் தூக்கினாள். என்னைப் போல ஒன்றும் தெரியாதவனுக்கே தெரிந்தது. அந்தக் குழு எங்களுக்கு எவ்வளவோ மேலே.

பயிற்சியாளரிடம் கேட்டேன். "இரண்டு ஹைப்ரிட்டில் பேஸ் மார்க் விழுந்துவிட்டது சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவைப் பார்க்கப் போய்விட்டார். மகள் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. யார் தப்பு செய்தார்கள் என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பேஸ் மார்க் என்றால் என்ன? யார் முடிவு செய்கிறார்கள்? கண்ணுக்குத் தெரிந்த தப்பைவிடத் தெரியாத தப்புக்கு அதிகத் தண்டனை என்பது நியாயமா? அடுத்த முறை கேலரியில் உட்காரும்போது எதைப் பார்க்க வேண்டும் என்றாவது யாராவது சொன்னால் புண்ணியம்.

---

நேரக்கணக்கன்

நான் பல வருடம் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போட்டியில் நீந்தியவன். அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சுவரைத் தொட்டால் கடிகாரம் நிற்கும் விளையாட்டில் வளர்ந்தவனுக்கு இது மனசுக்கு ஒட்டுவதில்லை.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கனடாவின் சில்வி ஃப்ரெஷெட்டுக்கு நடந்தது தெரியுமா? ஒரு நடுவர் 9.7 போட நினைத்து 8.7 என்று அழுத்திவிட்டார். திருத்தப் பார்த்தும் முடியவில்லை, மேல்முறையீடும் அப்போது எடுபடவில்லை. தங்கம் அமெரிக்காவின் கிறிஸ்டன் பாப்-ஸ்ப்ரேக்குக்குப் போனது. மறு வருடம்தான் ஃப்ரெஷெட்டுக்கும் தங்கம் கொடுத்தார்கள், பாப்-ஸ்ப்ரேக்கிடமிருந்து பறிக்காமல். மேடையில் நின்று வாங்க வேண்டிய தருணம் போனது போனதுதானே. நடுவரின் விரலிலும் ரசனையிலும் முடிவு தொங்கும்வரை எனக்கு இந்தச் சந்தேகம் தீராது.

---

எட்டாம்_எண்ணிக்கை

கரையோர அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இந்த விளையாட்டில் சிறுவயதிலிருந்து நீந்தினேன். இப்போது உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மகள் கேட்ட கேள்வி. யார் தப்பு என்று தேடவேண்டாம். இப்போதைய முறையில் எட்டுப் பேரில் ஒருத்தியின் சுழற்சி கொஞ்சம் குறைந்தாலே மொத்தக் குழுவுக்கும் அந்தப் பகுதியின் மதிப்பு போய்விடலாம். மற்ற ஏழு பேரும் முழுசாக முடித்திருந்தாலும் சரி. அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் பெயர் சொல்வதே இல்லை. எந்த இடத்தில் விழுந்தது என்று மட்டும் சொல்வார்கள். அவளிடம் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

இப்போது பேஸ் மார்க். 2023 சீசனில் மதிப்பெண் முறையையே உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸ் மாற்றியது. இப்போது ஒவ்வொரு ரூட்டீனுக்கும், அதாவது இசைக்குச் செய்யும் முழு நிகழ்ச்சிக்கும், முன்பே பயிற்சியாளர் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். கோச் கார்டு என்போம். எந்த நேரத்தில் எந்த அசைவு, எந்த வரிசையில், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கடினம் என்று குறியீடுகளாக எழுதியிருக்கும். ஹைப்ரிட் என்பது தலை கீழே, கால் மேலே வைத்துக்கொண்டு செய்யும் தொடர் அசைவு. அதற்குள் பல துண்டுகள் இருக்கும்: நீரைக் கிழித்து மேலே எழும் திரஸ்ட், சுழற்சி, கால்களைப் பிளந்து நிற்கும் ஸ்ப்ளிட், இரண்டு கால்களையும் வெளியே தாங்கி நிற்பது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. எல்லாம் கூட்டினால் வருவது அந்த ஹைப்ரிட்டின் கடினம்.

நீச்சல்குளத்தின் ஓரத்தில் நடுவர்களைத் தவிர டெக்னிக்கல் கன்ட்ரோலர்கள் என்று தனியாகச் சிலர் இருப்பார்கள். அவர்கள் அழகைப் பார்ப்பதே இல்லை. கையில் அந்தக் கார்டு, எதிரே வீடியோ. எழுதியது நடந்ததா இல்லையா, அவ்வளவுதான் வேலை. எழுதியதில் ஒரு துண்டு நடக்கவில்லை என்று முடிவானால் அந்த ஹைப்ரிட் முழுவதும் ஆகக் குறைந்த அடிப்படை மதிப்புக்கு இறங்கிவிடும். அதுதான் பேஸ் மார்க்.

இதன் அடி எவ்வளவு பலமானது என்று கணக்கில் பாருங்கள். நடுவர்கள் 0 முதல் 10 வரை, கால் கால் புள்ளியாக, செய்நேர்த்திக்கு மதிப்பெண் போடுவார்கள். அது கடினத்தோடு பெருக்கப்படும். ஒரு பேச்சுக்கு அந்த ஹைப்ரிட்டின் கடினம் 6, நடுவர் கொடுத்தது 8 என்றால் 48. அதே ஹைப்ரிட் பேஸ் மார்க்கில் 0.5 ஆக இறங்கினால், அதே 8க்குக் கிடைப்பது 4. நடுவர்களுக்கு உங்கள் பிள்ளைகள் நீந்தியது பிடித்துத்தான் இருந்திருக்கும். நல்ல மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள். பெருக்க வேண்டிய எண்தான் காணாமல் போனது. உங்களுக்கு இரண்டு ஹைப்ரிட்டில் விழுந்திருக்கிறது. கடைசிக்குப் பக்கத்தில் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

அந்த இன்னொரு குழுவில் விலகிப்போன பெண்? ஒருசேர இல்லாததைக் கணக்கெடுக்கவும் தனிக் கன்ட்ரோலர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பிசகுக்கும் கழிப்பார்கள், செய்நேர்த்தியிலும் குறையும். ஆனால் தாமதமாகச் செய்தாலும் அவள் முழுசாகச் செய்து முடித்தாள். கடினம் அவர்கள் கையில் நின்றது. அழகாகச் செய்து பாதியில் விட்டதைவிட, அலங்கோலமாகச் செய்தாலும் முடித்ததற்கு இந்த முறையில் மதிப்பு அதிகம். இது சரியா தவறா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை. என் கருத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களுக்கு ஏன் கேலரியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்றால், இந்த விளையாட்டின் உழைப்பு முழுக்க நீருக்குக் கீழே நடக்கிறது. நீங்கள் பார்த்தது மேலே வந்த பாதியை மட்டும். உங்கள் மகள் இடுப்புவரை வெளியே நின்று இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தாளே, அப்போது கீழே அவளுடைய இரு முழங்கால்களும் எதிரெதிர் திசையில் மத்து கடைவதுபோல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. எக்பீட்டர் என்போம். கை உதவி சிறிதும் இல்லை. தலைகீழாகக் கால்களை மட்டும் வெளியே நிறுத்தியபோது, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கைகளை மடக்கி, உள்ளங்கையைக் குளத்தின் அடித்தளம் பார்க்க வைத்து, பக்கவாட்டில் தள்ளித் தள்ளி உடம்பின் எடையை ஏந்திக்கொண்டிருந்தாள். அது சப்போர்ட் ஸ்கல். அதை ஆட்டமில்லாமல் செய்யப் பிள்ளைகளுக்கு வருடங்கள் பிடிக்கும். லிஃப்ட்டில் மேலே பறக்கும் பெண்ணை எல்லோரும் பார்ப்பார்கள். அவளை அடியிலிருந்து தள்ளிவிடுபவர்களுக்குக் கால் ஊன்றத் தரை கிடையாது. தரையைத் தொட்டு உந்தினால் தண்டப் புள்ளி. பெரிய போட்டிகளில் குளம் 3 மீட்டர் ஆழம், தொடவும் எட்டாது. வெறும் நீரை உதைத்து ஒரு ஆளைக் காற்றில் எறிகிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

கண்ணாடி போட அனுமதி இல்லாததால் ரூட்டீனில் எல்லாமே மங்கல்தான். பக்கத்துப் பெண்ணின் தோள் ஒரு நிழல்போல் தெரியும், அவ்வளவே. இசை நீருக்கடியில் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து வரும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே காதுக்குப் புரியாது, தலைக்குள்ளேயே ஒலிப்பது போலிருக்கும். பயிற்சியின்போது குளத்தோரக் கம்பியில் பயிற்சியாளர் உலோகத்தால் தட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தட்டு உள்ளே மணிபோல் கேட்கும். எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே இருப்போம். முகம் சிரிக்கும், வாய் பேசாது, உள்ளே எண்ணிக்கை மட்டும் ஓடும்.

நேரக்கணக்கன் சார், நீங்கள் சொன்ன ஃப்ரெஷெட் விஷயம் முழு உண்மை. எங்கள் விளையாட்டில் யாரும் மறக்கவில்லை. அன்று விழுந்த அந்தப் புள்ளி ஃபிகர்ஸ் பகுதியில். இசை இல்லாமல், ஒரே மாதிரி கருப்பு உடை, வெள்ளைத் தொப்பியோடு ஒவ்வொருவராக நடுவர்கள் முன்னால் போய் அசைவைக் காட்டும் பகுதி அது. இளையோர் போட்டிகளில் இன்றும் உண்டு, அண்ணாவின் மகளும் செய்வாள். ஆனால் ரசனைதான் முடிவு செய்கிறது என்பது இப்போது பொருந்தாது. புதிய முறையைக் கொண்டுவந்ததே அந்தச் சந்தேகத்தைக் குறைக்கத்தான். பழைய முறையில் பெயர் பெற்ற நாடு குளத்தில் இறங்கும்போதே பாதி மதிப்பெண்ணோடு இறங்குகிறது என்ற பேச்சு எப்போதும் இருந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து டோக்கியோ வரை, இருவர் நீந்தும் டூயட், டீம் இரண்டிலும் எல்லாத் தங்கமும் ரஷ்ய நீச்சல்காரிகளுக்கே போனது. அவர்கள் அபாரமானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்வெட்லானா ரோமாஷினா ஏழு ஒலிம்பிக் தங்கம் வென்றவர், அவர் கால் நீரிலிருந்து எழும் விதத்தைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றோம். ஆனால் இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு வரிசை கட்டி நின்ற மற்ற நாடுகளுக்கு அந்த வரிசை நகர்வதே தெரியவில்லை.

இப்போது நகர்கிறது. 2023 ஃபுகுவோகா உலகப் போட்டியில் டூயட் ஃப்ரீ, அதாவது கட்டாய அசைவுகள் இல்லாத பிரிவில், தங்கம் ஆஸ்திரியாவின் அலெக்ஸாண்ட்ரி சகோதரிகளுக்கு. மறு வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே ஜோடி நான்காவது. பாரிஸில் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும், அதாவது பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் இருந்த இடைவெளி 558.5367க்கும் 558.3963க்கும் உள்ளதுதான். கால் புள்ளிகூட இல்லை. இவ்வளவு நெருக்கத்தில் ஒரு ஹைப்ரிட் பேஸ் மார்க் ஆனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை எதைப் பார்ப்பது? குதிகாலைப் பாருங்கள். தலைகீழாகச் செங்குத்தாக நின்று சுழன்றுகொண்டே இறங்குவது ஸ்பின். குதிகால் நீர்மட்டத்தைத் தொடும்போது சுழற்சி முடிந்திருக்க வேண்டும். இரண்டு சுற்று என்று கார்டில் எழுதியிருந்து, கால் பாதம் மறையும்போது உடம்பு இன்னும் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கேதான் போயிற்று. கேலரியில் கைதட்டும் கூட்டத்துக்கு அது தெரியாது. வீடியோவில் மெதுவாக ஓடவிட்டால் யாருக்கும் தெரியும்.

---

பழைய_ரசிகை

எட்டாம்_எண்ணிக்கை சொன்ன விவரங்களில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் இந்த முறை எதைத் தின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பிள்ளைகளுக்கு ரூட்டீன் அமைத்துக் கொடுத்தவள். முன்பெல்லாம் இசையைக் கேட்டுவிட்டு, "இந்த இடத்தில் ஒரு நிதானம் வேண்டும், எட்டுப் பேரும் அசையாமல் மிதந்தாலே போதும்" என்று முடிவு செய்வோம். இன்றைக்கு அந்த நிதானத்துக்கு நேரமில்லை. டீம் ஃப்ரீ 3 நிமிடம் 30 விநாடி. அதற்குள் ஹைப்ரிட்டையும் லிஃப்ட்டையும் அடைத்தாக வேண்டும். இசை எங்கே ஏறுகிறது, எங்கே அடங்குகிறது என்பதை யார் பார்க்கிறார்கள்? எல்லா நாடும் ஒரே மாதிரி கால்களாகத் தெரிகிறது. கலை என்று பெயரிலேயே வைத்துவிட்டு அதைக் குறியீட்டுத் தாளில் அடக்கினால் எனக்கு வலிக்கிறது.

அண்ணாவின் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேலரியே அவர்களோடு சேர்ந்து மூச்சைப் பிடித்திருக்கிறது. அதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண்?

---

எட்டாம்_எண்ணிக்கை

அக்கா, அதற்குக் கட்டம் இருக்கிறது, ஆனால் போதாது. இன்னொரு நடுவர் குழு கலை வெளிப்பாட்டுக்கு மட்டும் மதிப்பெண் தருகிறது. அமைப்பும் இசைப்பொருத்தமும், நிகழ்த்தும் விதம், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாறும் நேர்த்தி. அந்த மதிப்பெண் கடினத்தின் எடைக்கு முன்னால் நிற்க முடியாமல் போகிறது என்பதில் நான் உங்கள் பக்கம். நான் கடைசியில் சொல்கிறேன் என்றது இதைத்தான். கன்ட்ரோலர்களும் கார்டும் வேண்டும், போகவே கூடாது. ஒரு துண்டு தவறினால் அந்தத் துண்டின் மதிப்பை மட்டும் எடுங்கள், முழு ஹைப்ரிட்டையும் எடுக்காதீர்கள். எழுதிய சுழற்சியில் ஒரு துளி குறைந்ததற்காக, அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் சரியாகச் செய்து முடித்த திரஸ்ட்டும் ஸ்ப்ளிட்டும் இல்லாமல் போய்விடுமா? 13 வயதுக் குழுக்களுக்கு இது ரொம்பக் கொடுமை. இதை நான் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் பழைய முறைக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. அந்த முறையில் எங்கள் மதிப்பெண் ஏன் அவ்வளவு என்று யாரிடமும் கேட்க முடியாது. இன்றைக்கு அண்ணா போய்க் கேட்டால் எந்த ஹைப்ரிட், எந்தத் துண்டு என்று பதில் இருக்கிறது.

---

கரையோர_அப்பா

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிலைப் படித்து முடித்ததும் அதை அப்படியே மகளுக்கு வாசித்துக் காட்டினேன். எட்டுப் பேருக்கும் சேர்ந்துதான் விழும் என்ற இடத்தில் "அப்படியா" என்றாள், அதற்குப் பிறகு சாப்பிட வந்தாள்.

ஆனால் இப்போது வேறு கவலை. மூச்சு போதாமல்தான் சுழற்சியை அவசரமாக முடித்துவிடுகிறோம் என்று அவளுக்கு ஒரு எண்ணம். வீட்டில் மூச்சைப் பிடித்துப் பழகுகிறாள், கடிகாரம் வைத்துக்கொண்டு. முதலில் வேகவேகமாக மூச்சு வாங்கி விட்டு, பிறகு பிடிக்கிறாள். தோழிகளோடு குளத்திலும் இப்படிப் பழகப் போகிறேன் என்கிறாள். இது சரிதானா? இன்னொன்று, தம்பி 10 வயது, அவனும் சேர வேண்டும் என்கிறான். ஆண்பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா?

---

கரைக்_காவல்

உயிர்காப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தயவுசெய்து இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைக் கொடுப்பது உடம்பில் சேரும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவது அந்தத் தவிப்பைப் பெரிதாகக் கொடுப்பதில்லை. வேகவேகமாக மூச்சு வாங்கினால் அந்த வாயு முன்கூட்டியே வெளியே போய்விடும். ஆக்சிஜன் பெரிதாகக் கூடியிருக்காது. பிறகு பிடிக்கும்போது தவிப்பு தாமதமாக வரும். பிள்ளைக்குத் திறமை கூடிவிட்டதுபோல் தோன்றும். தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு போய்விடும். சத்தம், தத்தளிப்பு எதுவும் இருக்காது. பக்கத்தில் இருப்பவர்கள் விளையாட்டுக்கு அசையாமல் இருக்கிறாள் என்று நினைப்பார்கள். இப்படித்தான் நல்ல நீச்சல் தெரிந்தவர்களையே இழக்கிறோம்.

உலகத் தரத்தில் இருப்பவர்களுக்கே இந்த விளையாட்டில் மயக்கம் வந்திருக்கிறது. 2022 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் அமெரிக்காவின் அனிடா ஆல்வரெஸ் தனிப் பிரிவு முடியும் நேரத்தில் நினைவிழந்து அடியில் இறங்கிவிட்டார். அவருடைய பயிற்சியாளர் ஆண்ட்ரியா ஃபுவென்டெஸ் போட்டிருந்த உடையோடு குதித்து மேலே கொண்டுவந்தார். அந்தப் பயிற்சியாளரே ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய நீச்சல்காரி, நிமிடமும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர். அதனால்தான் ஆல்வரெஸ் பிழைத்தார். 2024 பாரிஸில் டீம் வெள்ளி வாங்கிய அமெரிக்கக் குழுவில் ஆல்வரெஸும் இருந்தார். உங்கள் மகள் தோழிகளோடு பழகும்போது அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க யார் இருப்பார்கள்?

---

எட்டாம்_எண்ணிக்கை

கரைக்_காவல் அண்ணா சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மூச்சுப் பயிற்சி கரையில் ஆள் நின்று பார்க்கும் நேரத்தில் மட்டும், அதுவும் நீந்திக்கொண்டே, இடைவெளி விட்டு. நான் என் பிள்ளைகளை வேகமூச்சு வாங்க விடுவதே இல்லை.

அதோடு அவள் எண்ணுவதுபோல் மூச்சு குறைவதால்தான் சுழற்சி குறைகிறது என்பதும் பெரும்பாலும் இல்லை. அந்த வயதில் நான் பார்ப்பது வேறு. வயிற்றுத் தசை தளர்ந்து, முதுகு லேசாக வளைந்திருக்கும். செங்குத்துக் கோடு சாய்ந்தால் சுழற்சி வேகம் செத்துவிடும், எடை ஒரு பக்கம் விழுந்து சீக்கிரமே மூழ்கத் தொடங்கும். மூழ்குவதை உணர்ந்ததும் பதறிப்போய்ச் சுழற்சியை அவசரப்படுத்துவார்கள். மூச்சு முட்டுவதும் அந்தப் பதற்றத்தில்தான். கரையில் சுவரோடு முதுகை ஒட்டித் தலைகீழாக நின்று பழகட்டும், ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள. அதில் ஆபத்து ஏதுமில்லை, பலன் நிறைய.

தம்பியைச் சேர்த்துவிடுங்கள். 2015 கஸான் உலகப் போட்டியில்தான் முதன்முதலாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நீந்தும் கலப்பு டூயட் வந்தது. அமெரிக்காவின் பில் மே, இளமையில் எந்த உலகப் போட்டியிலும் இறங்க அனுமதியே இல்லாதவர், ஓய்விலிருந்து திரும்பி வந்து கிறிஸ்டினா ஜோன்ஸோடு கலப்பு டெக்னிக்கல் (கட்டாய அசைவுகள் உள்ள பிரிவு) தங்கத்தை வென்றார். 2023 ஃபுகுவோகாவில் ஆண்களுக்குத் தனிப் பிரிவும் வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு குழுவில் இரண்டு ஆண்கள் வரை சேர்க்கலாம் என்று விதி வந்தும், எந்த நாடும் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பில் மேயும் அமெரிக்கப் பட்டியலில் இடம் பெறவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் மகன் பெரியவனாகும்போது நிலைமை வேறாக இருக்க வேண்டும், அதற்கு இப்போதே பையன்கள் குளத்தில் இறங்க வேண்டும்.

---

நேரக்கணக்கன்

படித்துவிட்டு பாரிஸ் டூயட் முழுவதையும் மறுபடி போட்டுப் பார்த்தேன், குதிகாலை மட்டும் கவனித்து. இரண்டு இடத்தில் சுழற்சி முடிந்ததா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்தது, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இப்படி ஒரு அளவுகோல் இருப்பது எனக்குத் தெரியாது. ரசனை மட்டும்தான் என்று எழுதியதை நான் இனிமேல் சொல்ல மாட்டேன். ஒரு சந்தேகம்: பயிற்சியாளர் இரண்டு சுற்று என்று எழுதாமல் ஒரு சுற்று என்று எழுதியிருந்தால், இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பேஸ் மார்க் வந்திருக்காதா?

---

எட்டாம்_எண்ணிக்கை

வந்திருக்காது சார். சரியான இடத்தில் கைவைத்தீர்கள். கடினத்தைக் கூட்டி எழுதினால் ஆபத்து, குறைத்து எழுதினால் மேலே ஏற முடியாது. போட்டிக்கு முந்தைய நாட்களில் பயிற்சியாளர்களின் பெரிய தலைவலியே இதுதான். பயிற்சியில் தொடர்ந்து சரியாக வருவதை மட்டும் எழுதுவது என் வழக்கம். ஒரு தடவை அபூர்வமாக வந்துவிட்டதை நம்பி எழுத மாட்டேன். பிள்ளைகள் கெஞ்சுவார்கள், "இன்னும் அரைச் சுற்று எழுதுங்கள் மேடம், எங்களால் முடியும்" என்று. முடியும் என்பதும் எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு முறையும் முடியும் என்பதும் வேறு வேறு.

கரையோர அண்ணா, பயிற்சியாளரிடம் கோபமாகப் போகாமல் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். அந்த இரண்டு ஹைப்ரிட்டும் கார்டில் என்னவென்று எழுதப்பட்டிருந்தது? அடுத்த போட்டிக்கு அதையே எழுதப் போகிறாரா, குறைக்கப் போகிறாரா? நல்ல பயிற்சியாளர் என்றால் கார்டை எடுத்துக் காட்டியே விளக்குவார். போட்டி வீடியோ உங்களிடம் இருந்தால் மகளோடு உட்கார்ந்து அந்த இரண்டு இடத்தையும் மெதுவாக ஓடவிடுங்கள். அவளுடைய காலை மட்டும் தேடாமல் எட்டு ஜோடிக் காலையும் பாருங்கள்.

---

கரையோர_அப்பா

கேட்டேன். கார்டைக் காட்டினார். இரண்டு இடத்திலும் ஸ்பின்தான், இரண்டு சுற்று என்று எழுதியிருந்தது. அடுத்த போட்டிக்கு ஒன்றை மட்டும் ஒரு சுற்றாகக் குறைக்கிறாராம், இன்னொன்றை அப்படியே விடுகிறாராம். குறைக்க வேண்டாம் என்று எட்டுப் பேரும் சேர்ந்து போய்க் கேட்டிருக்கிறார்கள். மூச்சுப் பிடிப்பது நின்றுவிட்டது. இப்போது சாயங்காலம் ஆனால் சுவரோடு தலைகீழ், காலைப் பிடித்துக்கொள்வது தம்பி. அவன் பெயரையும் குழுவில் கொடுத்துவிட்டேன்.